பத்து மனு, ஒரு நீதிமன்றம்

தண்டனை அறிவித்த கையோடு நம் ஊரில் வக்கீலைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "அப்பீல் போகலாமா சார்?" பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. 1848இல் ஒரு சிறு கதவு திறந்தார்கள். வழக்கில் சட்டச் சிக்கல் ஏதும் இருந்து, விசாரித்த நீதிபதியே மனம் வைத்து அனுப்பினால் மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள். 'ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள்' என்று முறையிட அந்தக் கதவு உதவாது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த 1861ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மேல்முறையீடு இருந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்ற தஞ்சாவூர்க்காரர் சென்னை ஹைகோர்ட் படியேறலாம். லண்டன்காரருக்கு அது கிடையாது. அவருக்கு இருந்த ஒரே வழி கருணை மனு. எழுதுவது அரசிக்கு, படிப்பது உள்துறை அலுவலகம். மனுவைத் தள்ளுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அலுவலகம் எப்படி வேலை செய்தது என்பதற்கு அடால்ஃப் பெக் ஒருவர் போதும். நார்வேயில் பிறந்தவர். தென் அமெரிக்காவில் பல காலம் இருந்துவிட்டு லண்டன் வந்து, சுரங்கத் தொழிலில் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர். 1895 டிசம்பரில் விக்டோரியா தெருவில் ஒரு பெண்மணி அவரை வழிமறித்து, தன் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றிப் பறித்தவன் இவன்தான் என்றார். தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொள்வது, தனியாக வாழும் பெண்களிடம் பழகுவது, செல்லாத காசோலையைக் கொடுத்துவிட்டு நகையோடு மறைவது, இதுதான் அந்த மோசடிக்காரனின் பாணி. ஏமாந்த வேறு பல பெண்களும் வந்து பெக்கைக் கைகாட்டினார்கள்.

இதே பாணியில் ஏமாற்றி 1877இல் சிறை போனவன் ஜான் ஸ்மித். அன்று அவனைக் கைது செய்த காவலர் பெக்கைப் பார்த்து, 'அதே ஆள்' என்றார். 1877இல் பெக் பெரு நாட்டில் இருந்தார். அதை நிரூபித்தால் வழக்கு உடையும். ஆனால் 1896 மார்ச்சில் ஓல்ட் பெய்லியில் நீதிபதி ஃபாரஸ்ட் ஃபுல்ட்டன் அந்தப் பழைய கதையை எடுக்கவே விடவில்லை. இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். இத்தனைக்கும் 1877இல் ஸ்மித்துக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவரே ஃபுல்ட்டன்தான். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறித் தனக்காகச் சாட்சி சொல்லும் உரிமை 1898இல்தான் வந்தது என்பதால் பெக் வாய் திறக்கவும் முடியவில்லை. ஏழு ஆண்டு கடுங்காவல். நீதிமன்றத்தில் சம்பந்தமில்லாத ஸ்மித், சிறையில் சம்பந்தப்பட்டுவிட்டான். பெக்குக்கு ஸ்மித்தின் பழைய கைதி எண்ணையே கொடுத்து, மறுபடி வந்தவர் என்பதற்கான எழுத்தையும் சேர்த்தார்கள்.

1896க்கும் 1901க்கும் இடையில் பெக்கின் வக்கீல் அனுப்பிய மனுக்கள் பத்து. பத்தும் தள்ளுபடி. நடுவில், 1898இல், ஒரு வெளிச்சம் வந்தது. உள்துறையில் யாரோ ஸ்மித்தின் பழைய கோப்பைப் புரட்டினார்கள். ஸ்மித் யூதர், சுன்னத் செய்யப்பட்டவர் என்று இருந்தது. பெக் அப்படியில்லை. இருவரும் ஒருவராக இருக்கவே முடியாது! அலுவலகம் யாரிடம் கருத்துக் கேட்டது? ஃபுல்ட்டனிடம். பெக் ஸ்மித் அல்ல என்று ஒப்புக்கொண்ட ஃபுல்ட்டன், 1895 மோசடி மட்டும் பெக் செய்ததுதான் என்று எழுதினார். பெக்குக்குக் கிடைத்த நியாயம், ஒரு புதிய கைதி எண்.

தவறு அங்கேதான் இருக்கிறது என்பேன். கருணை மனு என்பது செய்த குற்றத்துக்கு இரக்கம் கேட்கும் தாள். செய்யவே இல்லை என்பவன் அதில் என்ன எழுதுவான்? எழுதினாலும், தண்டித்தவரிடமே அது திரும்பிப் போகிறது.

1901இல் வெளியே வந்த பெக்கை 1904 ஏப்ரலில் அதே குற்றச்சாட்டில் மறுபடி பிடித்தார்கள். ஜூரி மறுபடி குற்றவாளி என்றது. இம்முறை நீதிபதிக்கு மனது உறுத்தியது, தண்டனையைத் தள்ளிவைத்தார். ஜூலையில், பெக் காவலில் இருக்கும்போதே, பெண்களிடம் பறித்த மோதிரங்களை அடகு வைக்கப் போன ஒருவன் மாட்டினான். அவன்தான் ஸ்மித். ஜார்ஜ் சிம்ஸ் என்ற பத்திரிகையாளர் டெய்லி மெயிலில் விடாமல் எழுதினார். ஜூலை 29 அன்று அரசரின் மன்னிப்பு வந்தது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! முதலில் 2000 பவுண்டு கொடுக்க முன்வந்து, ஊர் திட்டியதும் 5000 ஆக்கினார்கள்.

அடுத்த அடி ஜார்ஜ் எடல்ஜி வழக்கு. பம்பாய்ப் பார்சி ஒருவரின் மகன். குதிரையை வெட்டியதாக 1903இல் ஏழு ஆண்டு தண்டனை. பத்தாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு போனது. மூன்று ஆண்டில் விளக்கமே இல்லாமல் விட்டார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் களத்தில் இறங்கிய பிறகு 1907இல் மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் மொட்டைக் கடிதங்கள் எழுதித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்று சொல்லி நஷ்டஈட்டை மறுத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேல் மசோதா மசோதாவாகத் தோற்றுவந்த மேல்முறையீட்டு உரிமை அதே 1907இல் சட்டமானது. கருணை மனு ஒழியவில்லை; 19ஆம் பிரிவு அதை விட்டுவைத்தது. ஆனால் சந்தேகம் எழுந்த வழக்கை அமைச்சர் இனி நீதிமன்றத்துக்கே அனுப்பலாம். குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1908 மே மாதம் முதன்முறையாகக் கூடியது. பெக் 1909 டிசம்பரில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இறந்தார்.