அழிந்த ஒலியும் எஞ்சிய ஒளியும்



தில்லையம்பலத்தில் பூட்டிய அறையொன்றிற் கிடந்த தேவார ஏடுகளைக் கரையான் அரித்துவிட்டது என்றும், எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்தார் என்றும் நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். பிற்காலத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராகச் சென்று, வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் சுவடிகளைத் தேடி அலைந்தார். அவ்வுழைப்பின்றி 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. பயனில்லை என்று கருதிச் சுவடிகளை ஆற்றில் விட்டவரும், அடுப்பில் இட்டவரும் நம் முன்னோர்களே. அவற்றைக் காத்தவரும் நம் முன்னோர்களே.

ஏட்டுக்கு நேர்ந்த கதி ஏட்டோடு முடிந்துவிடவில்லை. அறிவியலிற் சிறந்த ஐரோப்பாவிலேயே, 1960-களின் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளுக்கு அதே கதி நேர்ந்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து இத்தீவுக் குடும்பங்கள் கொள்ளத்தக்க பாடம் ஒன்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மகன் கேட்ட வினா

தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தா என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. கப்பலேறிச் சென்னை சேர்வோர்க்கு, அங்கிருந்து ஊர் செல்லும் ரயிலில் இடம் பதிவு செய்து கொடுப்பது என் பணி. இசை ஆராய்ச்சி என் துறையன்று. எனினும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பின்னர், உலகத்துப் பழைய இசை நிகழ்ச்சிகளையெல்லாம் வீட்டிலிருந்தே காணும் வாய்ப்பு நமக்கும் கிட்டியுள்ளதன்றோ? ஒருநாள் என் மகன் ஆங்கிலப் பாட்டுக் குழுவொன்றின் பழைய காட்சிகளைத் தேடிக்கொண்டிருந்தான். “அப்பா, இவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஜெர்மனியில் போய்ப் பாடியது இருக்கிறது. சொந்த நாட்டில் பாடியது ஏன் இல்லை?” என்று கேட்டான். விடை தேடப் புகுந்த எனக்குக் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

வியாழனும் வெள்ளியும்

1963 ஆகஸ்டு 9-ஆம் நாள் லண்டனில் ‘ரெடி ஸ்டெடி கோ’ என்னும் இசை நிகழ்ச்சி தொடங்கிற்று. வெள்ளிக்கிழமை மாலைதோறும் அந்நாட்டு இளைஞர் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் கூடினர். 1964 ஜனவரி 1-ஆம் நாள் பி.பி.சி. நிறுவனத்தார், மான்செஸ்டர் நகரில் நிலையமாக மாற்றப்பட்ட பழைய தேவாலயம் ஒன்றிலிருந்து ‘டாப் ஆப் தி பாப்ஸ்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். அவ்வாரம் மிகுதியாக விற்பனையான இசைத்தட்டுகளுக்கு உரியவர்களே அதில் தோன்றுவர். பல்லாண்டுகள் வியாழன்தோறும் வந்த இந்நிகழ்ச்சி 2006 வரை வார நிகழ்ச்சியாக நடைபெற்றது. ஜெர்மனியின் துறைமுக நகரமாகிய பிரெமனில் 1965 செப்டம்பர் 25-இல் ‘பீட் கிளப்’ என்னும் நிகழ்ச்சி பிறந்து, 1972 வரை வாழ்ந்தது.

இம்மூன்றும் ஒரே காலத்தவை. ஒரே வகை இசையை வழங்கியவை. பல குழுவினர் இரு நாட்டு மேடைகளிலும் பாடினர். ஆயினும் அவற்றின் கதி ஒன்றாயில்லை. பிரெமன் நிலையத்தார் தம் நாடாக்களைப் பேணி வைத்தனர். ஆகவே இன்றும் அவற்றைக் காணலாம். ‘ரெடி ஸ்டெடி கோ’வில் எஞ்சியது சிறுபகுதியே. ‘டாப் ஆப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பே இன்று இல்லை. 1960-களில் ஒளிபரப்பான நூற்றுக்கணக்கான வாரங்களில் முழுமையாக எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அழித்தது ஏன்?

தீயோ வெள்ளமோ அவற்றை அழிக்கவில்லை. அலுவலக ஆணையே அழித்தது. 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார், காட்சியையும் ஒலியையும் 2 அங்குல அகலமுள்ள காந்த நாடாவிற் பதிக்கும் இயந்திரத்தை வெளியிட்டனர். அந்நாடா மிகுந்த விலையுடையது. ஆயினும் அதற்கு ஒரு வசதி இருந்தது: பழையதை அழித்து, அதன்மேல் புதியதைப் பதிக்கலாம். சேமிப்பு அறைகளோ நிரம்பி வழிந்தன. கலைஞர் சங்கங்களோடு செய்த உடன்படிக்கைகள் மறு ஒளிபரப்புக்கு வரம்பு கட்டின. 1969 நவம்பரில் பி.பி.சி.யின் முதல் அலைவரிசைக்கும் வண்ணம் வந்தது. கறுப்பு வெள்ளைக் காட்சிகளை இனி யார் விரும்புவர் என்று எண்ணினர். வீட்டிலேயே நாடா போட்டுப் பார்க்கும் கருவி பரவும் என்பதையும் அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1978-இல் முறையான காப்பகம் ஏற்படும்வரை இந்நிலை நீடித்தது.

அழித்தவர்களை நான் கடிந்துரைக்க மாட்டேன். நானும் பதிவேடுகளோடு வாழ்பவன். எந்த அலுவலகத்திலும் காலக்கெடு கடந்த தாள்களைக் கழிப்பதற்கு விதியுண்டு. ஒன்றைக் காக்க வேண்டுமென்றாற் காரணம் கேட்பர். கழிக்க வேண்டுமென்றாற் கையொப்பம் மட்டுமே கேட்பர். அன்று லண்டனிலும் இதுவே நடந்தது.

காத்தவர் யார்?

இனி இவ்வரலாற்றின் வியப்பான பகுதிக்கு வருவோம். பீட்டில்ஸ் குழுவினர் 1966 ஜூன் 16-ஆம் நாள் ‘டாப் ஆப் தி பாப்ஸ்’ நிலையத்துக்கு நேரில் வந்து தோன்றினர். அந்நாடா அழிக்கப்பட்டது. ஆனால் அன்று மாலை லிவர்பூல் நகரத்தில் ஒரு குடும்பத்தார், தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின்முன் சிறு சினிமாக் கருவியைப் பிடித்துக் காட்சியைப் படமெடுத்திருந்தனர். ஒலியில்லை, நீளம் 11 விநாடி. 2019-இல் அத்துண்டு வெளிப்பட்டபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் அதனைக் கொண்டாடின.

1973 ஜனவரியில் டேவிட் போவி என்னும் பாடகர் அதே நிகழ்ச்சியிற் பாடினார். அதுவும் அழிந்தது. அன்று அங்கே படப்பிடிப்புக் கருவியை இயக்கிய ஜான் ஹென்ஷால், தாம் அமைத்த புதுவகை வில்லையின் திறத்தைப் பிறர்க்குக் காட்டுவதற்காக அப்பாட்டின் பிரதியொன்றைத் தமக்கென வாங்கி வைத்திருந்தார். அது உலகில் எஞ்சிய ஒரே பிரதி என்பதை அவர் பல்லாண்டுகள் அறியார். 2011-இல் அது மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

மூன்றாவதாக ஒன்று. 1965-இல் பீட்டில்ஸ் பாடிய பாட்டொன்றின் சிறுபகுதி, ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடர்கதையின் ஒரு காட்சியில் சேர்க்கப்பட்டது. மூல நிகழ்ச்சி மறைந்தது. கதைக்குள் புகுந்த பகுதி மட்டும் பிழைத்தது. அக்கதைத் தொடரிலேயே காணாமற்போன 9 பகுதிகள், ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கிடங்கிலிருந்து 2013-இல் மீட்கப்பட்டன. லண்டனில் இல்லாதது ஜாஸ் என்னும் ஊரில் இருந்தது.

இவற்றிலிருந்து தெரிவது யாது? தலைமையிடம் கைவிட்டதைப் பெரும்பாலும் ஓரத்தில் இருந்தவரே காத்தனர். பார்வையாளர் ஒருவர், ஊழியர் ஒருவர், கடல்கடந்த சிறுநிலையம் ஒன்று. அவர்கள் காப்பகம் நடத்தவில்லை. தம்மிடம் இருந்ததைத் தூக்கி எறியாதிருந்தனர், அவ்வளவே.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 1959 செப்டம்பர் 15-இல் தில்லியிலும், 1975 ஆகஸ்டு 15-இல் சென்னையிலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. சென்னைத் தொலைக்காட்சியின் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியை நினைவுகூராத தமிழ்க்குடும்பம் இல்லை. அதில் வந்தவை திரைப்படப் பாடல்கள். படச்சுருள் உள்ளவரை அப்பாடல்கள் இருக்கும். ஆனால் நிலையத்துக்கே வந்து மெல்லிசை பாடியவர், நாட்டுப்பாடல் பாடியவர் ஆகியோரின் கலைக்குச் சான்று அந்த நாடா ஒன்றே. நாடா போயின் அக்கலையும் போயிற்று.

வானொலியும் அவ்வாறே. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, 1970-களிற் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய நம் உறவினர்க்கு இலங்கை வானொலியின் அருமையை நான் சொல்ல வேண்டுவதில்லை. 1925-இல் தோன்றிய அந்நிலையத்தின் இசைத்தட்டு நூலகம், இந்தியத் திரைப்பாடல்களுக்கே பெருங்கருவூலம் எனப் போற்றப்படுகிறது. தட்டு தேய்ந்தாலும், அதனை அழித்து வேறு பாட்டைப் பதிக்க இயலாது. நாடாவுக்கு அந்தக் காப்பு இல்லை.

என் கைப்பிழை

இவ்வளவும் எழுதிய நான் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நானும் ஒரு நாடாவை அழித்தவன்.

என் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். என் அப்பத்தாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. ஆகவே கப்பலில் வரும் ஊர்க்காரர் கையில், தம் குரலைப் பதித்த ஒலிநாடா ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மழை பெய்ததா, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்தப் பசு கன்று ஈன்றது என்னும் செய்திகளோடு, ஒரு நடவுப் பாட்டும் அதில் இருந்தது. அப்பத்தா மறைந்த பின்னர் அந்த நாடா பெட்டிக்குள் துணிகளுக்கிடையே இருந்தது. எவரும் அதன்மேல் வேறு எதையும் பதித்துவிடாதிருக்கும் பொருட்டு, தந்தையார் அதன் முதுகிலிருந்த இரு சிறு பிளாஸ்டிக் பற்களையும் ஒடித்து வைத்திருந்தார்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். புதிய படப் பாடல்களைப் பதிய வேண்டும். வெற்று நாடா வாங்கக் காசில்லை. பல் ஒடிந்த பள்ளத்தின்மேல் காகிதத்தை ஒட்டினாற் பதியலாம் என்னும் சூழ்ச்சியைப் பள்ளித் தோழன் சொல்லிக் கொடுத்தான். அவ்வாறே செய்தேன். ஒரு மாலைப் பொழுதில் அப்பத்தாவின் குரல் போயிற்று.

தந்தையார் அறிந்தபோது அடிக்கவில்லை. நாடாவைப் போட்டுச் சிறிதுநேரம் கேட்டார். பின்னர், “பாட்டாவது நன்றாகப் பதிந்திருக்கிறதா, தம்பி?” என்று கேட்டுவிட்டு வெளியே சென்றுவிட்டார். அவர் அடித்திருந்தால் இன்று மறந்திருப்பேன்.

என் பாடல்கள் நாடாவின் முடிவுவரை செல்லவில்லை. அவை நின்ற இடத்துக்கு அப்பால், “ஒடம்பப் பாத்துக்க ராசா, கடல்தண்ணி ஒத்துக்காது” என்னும் சொற்கள் மட்டும் எஞ்சின. லிவர்பூல் குடும்பத்தாரின் 11 விநாடியைப் பற்றிப் படித்தபோது, உலகம் ஏன் அதனைக் கொண்டாடியது என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் செய்யத்தக்கவை

நம் காலனியில் எத்தனையோ வீடுகளில் இத்தகைய நாடாக்கள் உள்ளன. ஊரிலிருந்து வந்த குரல்கள், திருமணக் காட்சிகள், முந்தைய ஆண்டுவிழாக்களில் நம் பிள்ளைகள் பாடிய பாடல்கள், நாடகங்கள் ஆகியவை அவற்றில் உறங்குகின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எத்தனை வீடுகளின் பெட்டிகளைக் கொண்டு சென்றது என்பதை நாம் அறிவோம். எஞ்சியவற்றுக்கும் பகை உண்டு. நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் பசைகொண்டு பூசப்பட்ட இரும்புத் துகள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவின் ஈரக்காற்றில் அப்பசை நீரையுறிஞ்சிப் பிசுபிசுக்கும், பூஞ்சணமும் படரும். நாடா பிழைத்தாலும் அதனை ஓட்டும் கருவி பிழைக்க வேண்டுமே! வீட்டுக் காணொளி நாடாக் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆகவே அன்பர்கட்கு என் வேண்டுகோள் இவை. நாடாக்களை வெயில்படாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை அவசரப்பட்டுக் கருவியில் ஓட்டாதீர்கள். ஓடும்போதே நாடா அறுந்துபோகலாம். நல்ல நிலையில் உள்ளவற்றை விரைந்து கணினியில் பிரதி எடுத்து, ஒரு பிரதியை இங்கும், ஒரு பிரதியை ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். ஒவ்வொன்றின்மேலும் யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பெயரற்ற குரல் பாதி இழந்த குரலே. நம் சங்கத்தார் ஓட்டும் கருவி ஒன்றைத் தேடிப் பெற்று, மாதத்தில் ஒரு ஞாயிறு இப்பணிக்கென ஒதுக்குவாராயின், அன்று முழுதும் உடனிருந்து உழைக்க நான் சித்தமாயிருக்கின்றேன்.

என் தந்தையார் இன்று இல்லை. அந்த நாடா என்னிடம் இருக்கிறது. ஒட்டிய காகிதத்தை எடுத்துவிட்டேன். சங்கத்தில் அப்பணி தொடங்கும் நாளில் நான் முதலாவதாகக் கொண்டுவருவது அந்த நாடாவாகவே இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!