பெயர் மதராஸுடையது, விமானி யாருடையவர்? பிரிட்டிஷ் வான்படையில் மதராஸ் மாகாணம், 1939–45

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் மதராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கின. மாகாணத்தில் திரட்டிய போர்நிதிக்குக் கிடைத்த மரியாதை அது. அதே படையில் 331ஆம் ஸ்குவாட்ரன் நார்வேயின் பெயரையும், 350ஆம் ஸ்குவாட்ரன் பெல்ஜியத்தின் பெயரையும் கொண்டிருந்தன. அவற்றில் அந்தந்த நாட்டு விமானிகளே பறந்தார்கள். நம் மாகாணம் பெயர்பெறப் பணம் போதுமாயிருந்தது.

ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் கொண்ட நார்வே, ஜெர்மனியிடம் மண்ணை இழந்த பின்னும் கனடாவின் டொராண்டோவில் தனக்கெனப் பயிற்சி முகாம் நடத்தியது. 1941 கணக்கெடுப்பில் 38 கோடியைத் தாண்டிய இந்தியாவிலிருந்து 1940இல் பிரிட்டனுக்குப் போன விமானிகள் 24 பேர். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி தலைப்பாகையுடனேயே ஹரிகேன் போர்விமானம் ஓட்டினார். ஆனால் அவர்களுக்கென இந்தியப் பெயரில் ஸ்குவாட்ரன் எதுவும் அங்கே அமையவில்லை; பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களுக்குள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மக்கள்தொகையைவிட, பேரம் பேச ஓர் அரசு இருந்ததா என்பதே இங்கு முடிவு செய்தது என்பது என் வாதம். லண்டனில் தஞ்சமடைந்திருந்த நார்வே அரசு ஒப்பந்தம் போட முடிந்தது. டெல்லியில் இருந்ததோ லண்டன் நியமித்த அரசு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஜப்பான் வாசலுக்கு வந்துவிட்ட நிலையில் இந்திய விமானிகள் இங்கேதான் தேவைப்பட்டார்கள் என்பது அது. 1942 ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, சென்னை பாதி காலியானதை நினைத்தால் இதைத் தள்ளிவிட முடியாது. பர்மாவில் மஜும்தார் தலைமையில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களைக் கொண்டு போரிட்டதும் உண்மை. ஆனால் 1940இல் ஜப்பான் பிரிட்டனுடன் போரில் இல்லை. அப்போது இந்திய விமானப்படையிடம் இருந்ததே அந்த ஒரு ஸ்குவாட்ரன்தான். 1933இல் 5 விமானிகளும் 4 வாப்பிட்டி விமானங்களுமாகப் பறக்கத் தொடங்கிய படைக்கு, இரண்டாவது ஸ்குவாட்ரன் 1941இல்தான் வந்தது. போர் மூண்டபின் மதராஸுக்கென அமைத்த கரையோரக் காவல் பிரிவுக்கும் அதே பழைய வாப்பிட்டிகளே கிடைத்தன. ஆள் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லலாம். ஆளை உருவாக்காதது யார் என்று அடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னையின் தென்புறத்தில் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. 1944இல் பரங்கிமலைக்கு வந்து லிபரேட்டர் விமானங்களைப் பறக்கவிட்ட 200ஆம் ஸ்குவாட்ரன் பிரிட்டிஷாருடையது. மதராஸ் பெயர்தாங்கிய 79ஆம் ஸ்குவாட்ரனும் 1942இல் இந்தியாவுக்கு வந்து, பர்மாப் போர்முனையில் பறந்தது. தன் பெயருக்குரிய மாகாணத்தை அவ்வளவு நெருங்கியும் அது பிரிட்டிஷ் ஸ்குவாட்ரனாகவே நீடித்தது.

ஆகவே போர்க்காலத் தளங்களைவிட, அதே தென்புறத்தில் உள்ள தாம்பரத்துக்குப் போர் முடிந்தபின் வந்த ஒரு நிறுவனமே இந்த விவாதத்துக்கு முக்கியம் எனக் கருதுகிறேன். 1948இல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954இல் இங்கே இடம் மாறியது. 1930களில் இந்தியர் விமான அதிகாரியாக இங்கிலாந்தின் கிரான்வெல்லுக்குப் போய்க் கற்றுவர வேண்டியிருந்தது. தாம்பரம் பள்ளியிலோ நட்பு நாடுகளின் விமானிகளும் வந்து பயிற்றுநராகிறார்கள்.