வாசலுக்கு வெளியே போன வீட்டுப்பாடம்: சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டம், 1984–2024

சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டத்தில் சேர்வதற்கான தேர்வு, பிள்ளை தொடக்கநிலை 3 படிக்கும்போது வந்தது. பிற்காலத்தில் நிலைபெற்ற வடிவில் அது இரண்டு சுற்றுகளாக நடந்தது. ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் முதல் சுற்று. அதில் தேறிய ஏறத்தாழ 4,000 பேருக்கு அக்டோபரில் இரண்டாம் சுற்று. அப்போது பொதுத்திறன் தாளும் சேர்ந்துகொண்டது. கடைசியில் இடம் கிடைத்தது வயதொத்தவர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கு, அதாவது 400 பேர் அளவில். இதற்காகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த வேண்டாம் என்று கல்வி அமைச்சு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. அதே ஊரில், இதே தேர்வின் பெயரைச் சொல்லித் துணைப்பாட நிலையங்கள் விளம்பரம் செய்தன.

இந்த முரணைப் பெற்றோரின் பேராசை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. திட்டம் தொடங்கியபோது கடின உழைப்பு வகுப்புக்குள் சேர்ந்த பிறகு வருவதாகத்தான் இருந்தது. பிறகு சிறிது சிறிதாக அது வாசலுக்கு வெளியே, சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு நகர்ந்தது. அந்த நகர்வுதான் இக்கட்டுரையின் பொருள்.

பின்னணி 1979இல் தொடங்குகிறது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு அவ்வாண்டு அளித்த அறிக்கை, பாதியில் படிப்பை விட்டவர்களின் தொகையைக் கண்டு கவலைப்பட்டது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் ஓட்டுவது வீண் என்பது அதன் முடிவு. தொடக்கநிலை 3 இறுதியில் மாணவரைத் தரம்பிரிக்கும் முறை அதிலிருந்து வந்தது. மெதுவாகக் கற்போருக்குத் தனிப்பாதை உண்டென்றால், மிக விரைவாகக் கற்போருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அடுத்து எழுவது இயல்புதானே. அப்போதைய கல்வித் துணையமைச்சர் டே எங் சூன் அதை முன்னெடுத்தார். 1984இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கநிலை 4 வகுப்புகள் ரோசித் பள்ளியிலும் ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளியிலும், உயர்நிலை 1 வகுப்புகள் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும் ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளியிலும் அமைந்தன. பிற்பாடு தொடக்கப்பள்ளி மையங்கள் ஒன்பதாயின.

அன்றைய வாதத்தில் இரண்டு இழைகள் கலந்திருந்தன. இயற்கை வளம் இல்லாத தீவு மூளையை வீணாக்கக்கூடாது என்பது ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆற்றலுக்கேற்பக் கற்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நாட்டின் கணக்கு, இரண்டாவது பிள்ளையின் உரிமை. பாடத்திட்டத்தை வகுத்தவர்கள் இரண்டாவதை மனத்தில் கொண்டார்கள் என்றும், தேர்வை நடத்தியவர்கள் முதலாவதை மனத்தில் கொண்டார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

சேர்ந்த பிள்ளைக்குக் கிடைத்த வேலை எப்படிப்பட்டது? பக்கம் பக்கமாகப் பயிற்சித்தாள் நிரப்புவது அல்ல. ஆங்கில வகுப்பில் முழுப் புதினங்களைப் படித்து விவாதித்தார்கள். தனிநபர் ஆய்வு என்றொரு பகுதி இருந்தது. தொடக்கநிலை 4இல் ஆய்வுமுறையைக் கற்று, அடுத்த ஆண்டில் பிள்ளை தானே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, முன்மொழிவு எழுதி, தரவு திரட்டி, கண்டதை வகுப்பின்முன் படைக்க வேண்டும். பத்து, பதினொரு வயதில் இது மாதக்கணக்கில் நீளும் வீட்டுப்பாடம். இரவில் முடித்து மறுநாள் காலையில் நீட்டக்கூடியது அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி 1977இல் முன்வைத்த மூவகைச் செறிவூட்டல் மாதிரியில், மூன்றாம் வகை இப்படிப்பட்ட சுய ஆய்வுதான்.

அதே ரென்சுல்லி 1978இல் மீத்திறனை மூன்று வளையங்கள் சந்திக்கும் இடம் என்றார்: சராசரியை மிஞ்சிய திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் விடாப்பிடி. தேர்வுத்தாள் முதல் வளையத்தை ஓரளவு அளக்கும். மற்ற இரண்டும் மூன்று மணி நேரத்தில் அகப்படுவதில்லை. ஆக, உள்ளே இருந்த பாடத்திட்டம் மூன்று வளையங்களையும் எதிர்பார்த்தது. வாசலில் நின்ற தேர்வு ஒன்றை மட்டுமே பார்த்தது. பயிற்சி நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான்.

எப்படி நுழைந்தது என்பதை ஒரு கணக்கைக் கொண்டு பார்க்கலாம். பண்ணையில் கோழிகளும் முயல்களும் இருக்கின்றன, தலைகள் 20, கால்கள் 56, முயல்கள் எத்தனை? ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இயற்கணிதம் தெரியாது. கூர்மையான பிள்ளை, எல்லாம் கோழிகள் என்று வைத்துக்கொண்டால் கால்கள் 40தானே என்று யோசிக்கும். மிச்சம் 16, ஒவ்வொரு முயலுக்கும் கூடுதலாக இரண்டு கால், ஆகவே முயல்கள் 8. இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை அபூர்வம். அதைத்தான் தேர்வு தேடியது. ஆனால் இதே வகைக் கணக்கை வாரந்தோறும் துணைப்பாட வகுப்பில் போட்ட பிள்ளை அரை நிமிடத்தில் 8 என்று எழுதிவிடும். விடைத்தாளில் இருவரும் ஒன்று. பொதுத்திறன் தாளின் எண்வரிசைகளும் உருவத் தொடர்களும் இதே கதைதான். தேர்வுத்தாள்கள் வெளியிடப்படாததால் பயிற்சி குறையவில்லை. எது வரும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் படித்துவைக்கத் தோன்றும்.

மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். தேர்வில் தாய்மொழித் தாள் கிடையாது. 1980இல் ஆங்கிலம் முதன்மை வீட்டுமொழியாக இருந்த குடும்பங்கள் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. வீட்டில் தமிழ் மட்டும் புழங்கும் பிள்ளை, தன் சிந்தனையைக் காட்டுவதற்கு முன் இன்னொரு மொழியின் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டா நடத்திவரும் மலிவுக் கட்டணத் துணைப்பாடமோ பின்தங்கியவரைக் கைதூக்கிவிடுவதற்கானது. ஆக, துணைப்பாடம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலகங்கள் இயங்கின: ஒன்று தேறுவதற்கு, மற்றொன்று முந்துவதற்கு. குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட மொத்தத் தொகை 2018இல் ஏறத்தாழ 140 கோடி வெள்ளி, 2023இல் 180 கோடி வெள்ளி. இதில் மீத்திறன் தேர்வுக்கானது ஒரு கூறுதான். ஆனாலும் அத்தேர்வு எந்தச் சந்தையில் நின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

அமைச்சு சும்மா இருக்கவில்லை. 2004இல் பிரதமர் லீ சியன் லூங் குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்க வைப்போம் என்றார். அடுத்த சில ஆண்டுகளில், மீத்திறன் மாணவர்கள் தங்கள் நேரத்தில் பாதிவரை மற்ற வகுப்பு மாணவர்களோடு கலந்து படிக்க ஏற்பாடானது. சாதாரண நிலைத் தேர்வு எழுதாமலே மேற்படிப்புக்குச் செல்லவிடும் ஒருங்கிணைந்த திட்டம் பரவியதால் உயர்நிலைப் பிரிவும் மையத் திட்டமாக நீடிக்கவில்லை. 2019இல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் சேரும் தேர்வுகள் அறவே நீக்கப்பட்டன.

நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் பக்கவிளைவை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கீழ்வகுப்பில் தேர்வே இல்லையென்றால், பிள்ளை மதிப்பெண்ணை முதலில் சந்திப்பது தொடக்கநிலை 3இல். மீத்திறன் தேர்வும் அதே ஆண்டில். தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறியத் துடிக்கும் பெற்றோருக்குப் பள்ளி தராத அளவுகோலைத் துணைப்பாட நிலையத்தின் மாதிரித் தேர்வு தந்தது. பள்ளிப்பை இலேசானது, சனிக்கிழமை கனத்தது.

2024 ஆகஸ்ட் 18 அன்று, தேசிய தினப் பேரணி உரையில், திட்டம் அதன் அப்போதைய வடிவில் தொடராது என்று பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். அவ்வாண்டில் தொடக்கநிலை 1இல் இருந்தவர்கள் முதல் புதிய முறை. தனி மையங்களுக்குப் பதிலாக எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் வாய்ப்பு. வயதொத்தவரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு எட்டும் வகையில். தேர்வு ஒரே சுற்று. மேலும் நாட்டம் உள்ளவர்களுக்கு, அருகிலுள்ள சில பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகள்.

இவற்றில் முக்கியமானது, என் பார்வையில், அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம். தேர்வு மதிப்பெண்ணோடு ஆசிரியரின் அவதானிப்பும் மாணவரின் அன்றாட வேலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ரென்சுல்லி சொன்ன மற்ற இரண்டு வளையங்களுக்கும் இப்போதுதான் இடம் கிடைக்கிறது. விடாப்பிடியான பிள்ளையை அடையாளம் காண, ஆண்டு முழுக்க அதனோடு இருக்கும் ஆசிரியரைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் அந்த ஆசிரியரின் தொடக்கநிலை 3 வகுப்பில் 40 பேர் வரை இருக்கலாம். தவிர, வீட்டில் செய்து வரும் வேலை சேர்க்கைக்கான சான்றாகும்போது, அதில் பிள்ளையின் கை எவ்வளவு, அப்பா அம்மாவின் கை எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வரும். வகுப்பறையில் ஆசிரியர் கண்முன் செய்த வேலைக்கு மட்டும் மதிப்புக் கொடுப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் துணைப்பாட நிலையத்தின் பிடி ஓரளவு தளரும். செய்யாவிட்டால் கோழி–முயல் கணக்கின் இடத்தில், வீட்டில் பெரியவர்கள் திருத்திக் கொடுத்த ஆய்வுத்தாள் வந்து உட்காரும்; அதற்கும் ஒரு துணைப்பாட வகுப்பு தொடங்கப்படும்.