வடக்கன்குளம்: கோயிலுக்குள் ஒரு சுவர்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் இருந்து தொடங்குவோம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். தமிழ் எழுத்துகளில் முதலில் அச்சேறிய நூல்களைத் தந்த அண்டிரிக் அடிகளாருக்கும் புன்னக்காயல்தான் பணித்தளம். அந்தக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஒரே சாதி. அதனால் அவர்களுடைய சிற்றாலயங்களுக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் தேவைப்படவில்லை. அந்த வேலையை ஊர் எல்லையே செய்தது.

பல சாதிகள் ஒரே பங்கில் சேர்ந்த உள்நாட்டில்தான் சிக்கல் வந்தது. அதைக் கல்லிலேயே பார்க்க வேண்டுமானால் ராதாபுரம் பக்கம் வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். 1745-ல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. (2022-ல் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் நீக்கியது. சாதிப் பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிப் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.)

அங்கே வேளாளர்களும் அவர்களோடு சேர்ந்த சாதியினரும் நாடார்களோடு ஒன்றாக உட்கார மறுத்தார்கள். நீண்ட தகராறுக்குப் பிறகு 1872-ல் திருச்சபை கண்ட தீர்வு ஒரு கட்டட வரைபடம். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் கவட்டையாகப் பிரிகின்றன, நடுவில் சுவர். இரு பக்கத்தாரும் பூசை வைக்கும் குருவைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 'கால்சட்டைக் கோயில்' என்று கேலியாகச் சொன்னார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. அளவெடுத்து, கொத்தனாரை வைத்து, காணிக்கைப் பணத்தில் கட்டிய தீண்டாமை அது.

1910-ல் சேசு சபைக் குரு கௌசானல் அந்தச் சுவரை இடிக்க வைத்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. கோயிலில் தனியிடம் எங்கள் உரிமை என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் போய்விட்டது. ஆனால் பிரிந்த கால்கள் மாதிரியான அந்த இரண்டு மண்டபங்களை யாராலும் ஒன்றாக்க முடியவில்லை.

இந்தக் கதையை வேளாளர்–நாடார் சண்டையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு கால் வரைந்த வரைபடத்தில் பறையருக்கும் பள்ளருக்கும் மூன்றாவது கால் இல்லை. 2008-ல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டபோது மோதலும் துப்பாக்கிச்சூடும் நடந்தன. இரண்டு பேர் செத்தார்கள்.

1950-ம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையில் 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. கிறிஸ்தவத்தில் தீண்டாமை ஏது என்ற வாதம் இன்றும் வைக்கப்படுகிறது. 2022-ல் ஒன்றிய அரசு அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன்னும் இதே கேள்விதான். வடக்கன்குளம் கட்டடமே அதற்குச் சாட்சி.

களப்பணிக்குப் போகும் மாணவர்கள் வாய்மொழிப் பேட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு அளவு நாடா எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தெருவுக்கு எந்த வாசல், தேர் எந்தத் தெருவில் திரும்புகிறது, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கிறதா, சவ வண்டி எத்தனை என்று வரைந்து கொண்டு வாருங்கள்.