கழன்றுபோன ஒரு சிறு பாகம்: ஹரிசன் ஃபோர்ட்டின் விமானம் ஏன் விழுந்தது?

2015 மார்ச் 5ஆம் திகதி, ஹொலிவூட் நடிகர் ஹரிசன் ஃபோர்ட் ஓட்டிச் சென்ற சிறிய விமானம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கோல்ஃப் மைதானமொன்றில் விழுந்தது. அப்போது அவருக்கு 72 வயது. நானும் அதை ஒரு சினிமாச் செய்தியாகவே படித்துவிட்டுக் கடந்துபோனேன். சில மாதங்களின் பின்னர் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை முடிவுகளைப் படித்தபோதுதான், கவனிக்க வேண்டிய விடயங்கள் வேறாக இருப்பது புரிந்தது.

அந்த விமானம் 1942இல் தயாரிக்கப்பட்ட ரையன் பிரி-22. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவ விமானிகளுக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட வகை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆசனங்கள், மேலே கூரை கிடையாது.

சன்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 1,100 அடி உயரத்தை எட்டியபோது எஞ்சின் வலுவிழந்தது. கீழே எங்கும் நெருக்கமான வீடுகள். எஞ்சின் செயலிழந்துவிட்டது, உடனே திரும்புகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்தார். எஞ்சினை மீண்டும் இயக்க அவர் முயலவில்லை. மணிக்கு 85 மைல் வேகத்தைக் காத்தபடி இடப்பக்கம் திரும்பினார்.

இப்படித் திரும்புவது மிகவும் ஆபத்தானது. எஞ்சின் இல்லாத விமானம் உயரத்தைச் செலவழித்துத்தான் வேகத்தைப் பெறுகிறது. திரும்பும்போது உயரம் இன்னும் விரைவாகக் குறையும். 45 பாகை சாய்ந்து திரும்பினால், விமானம் மிதக்கத் தேவையான ஆகக்குறைந்த வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிடும். அந்த நேரத்தில் ஓடுபாதையை எட்டிவிடும் ஆசையில் மூக்கை உயர்த்தினால் விமானம் சுழன்று விழும். பலர் இறந்தது அப்படித்தான். ஓடுபாதையை எட்ட முடியாது என்பதை ஃபோர்ட் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். விமானம் ஒரு மரத்தின் உச்சியில் மோதி, கோல்ஃப் மைதானத்தின் வெட்டவெளியில் விழுந்தது. தரையில் எவருக்கும் காயமில்லை.

சரி, எஞ்சினுக்கு என்ன நடந்தது? மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தைக் கண்ட யாழ்ப்பாணத்தவர்களுக்குக் காபரேட்டரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. எரிபொருளை அளந்து விடும் 'ஜெட்' என்ற சிறிய திருகுப் பாகம் அதற்குள் இருக்கும். இந்த விமானத்தில் அது காலப்போக்கில் தளர்ந்து, தன் இடத்திலிருந்து கழன்றிருந்தது. எரிபொருள் அளவுக்கு மீறிப் பாய்ந்ததால் எஞ்சின் வலுவிழந்தது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நிற்பதைத்தான் நாம் நினைப்போம், இங்கே நடந்தது நேரெதிர்.

ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்கு முன்னர் விமானம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தக் காபரேட்டரும் திருத்தியமைக்கப்பட்டிருந்தது. அதன்பின் ஜெட்டைத் தொடர்ந்து பராமரிப்பதற்கான அறிவுறுத்தல் எதுவும் இருக்கவில்லை. ஆகவே பராமரிப்பாளரையோ விமானியையோ குறைசொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது தோள்பட்டிதான். அந்தக் காலத்து விமானத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு வசதி அது. ஆனால் ஆசனத்தின் முதுகுத் தகட்டை வலுப்படுத்தாமலே அதில் பொருத்தியிருந்தார்கள். மோதிய வேகத்தில் ஆணி தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. காயங்கள் கடுமையானதற்கு இந்தத் தவறான பொருத்தலும் ஒரு காரணம் என்கிறது அறிக்கை. இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்த நிலையில் இருந்த ஃபோர்ட்டுக்கு முதலில் உதவியவர்களுள், அன்று அங்கே கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரும் இருந்தார். குணமடைந்த பின்னர் ஃபோர்ட் மீண்டும் விமானம் ஓட்டத் தொடங்கினார்.