தீவகமும் அறிவுச் சாதனங்களும்

அறிவைப் பரப்பும் சாதனம் ஒன்று புதிதாகத் தோன்றும்பொழுதெல்லாம் அது மனித குலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்றே பறைசாற்றப்படுகிறது. அச்சியந்திரத்தைப் பற்றி அவ்வாறு சொன்னார்கள். வானொலியைப் பற்றிச் சொன்னார்கள். இன்று இணையத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அச்சாதனம் முதலில் யார் கையை அடைந்தது, யார் வாயிலுக்கு வராமலே நின்றது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து நாம் இங்கு அதைக் கேட்போம்.

பண்ணைப் பாலத்தையும் அல்லைப்பிட்டியையும் கடந்து மண்கும்பானுக்கு வருவோர், இடையிலுள்ள கடல் எத்துணை ஒடுங்கியது என்பதைக் கண்ணாரக் காண்பர். அதே வீதி வேலணையைத் தாண்டிக் குறிகட்டுவான் துறைவரை செல்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகேற வேண்டும். எனவே, தீவகம் பின்தங்கியதற்குத் தூரமே காரணம் என்னும் வாதம் நிலைபெறாது.

காரணத்தை வரலாற்றிலேதான் தேட வேண்டும். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையினால் மின்கலமும் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பயிற்சிக் கொப்பித் தாளிலே செய்தித்தாள் அச்சிட்டனர். தீவக மக்களிற் பெருந்தொகையினர் அக்காலத்திலேயே ஊர்களை விட்டு வெளியேறினர். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் வர்த்தக இணையச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து நடந்தனர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இரண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தன.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 2003இல் வெளிவந்த அரபு மனித அபிவிருத்தி அறிக்கை, உலகில் சராசரியாக ஆயிரம் பேருக்கு 78 கணினிகள் இருக்க, அரபு நாடுகளில் 18க்கும் குறைவாகவே இருந்தன எனக் காட்டியது. பின்னர் எண்ணெய் வளமுள்ள வளைகுடா நாடுகள் முன்னேறின; யேமன் போரில் நலிந்தது. 2018இல் மேற்குக் கரைக்கு மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவையை இஸ்ரேல் அனுமதித்தது, காசாவுக்கு அனுமதிக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தது கடலோ மலையோ அன்று, அதிகாரத்தின் தீர்மானமே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாகத் தந்து வருகிறது. தீயினால் அழிக்க முடியாத நூலகம் பிறந்தது என நாம் மகிழ்ந்தோம்; மகிழ்ச்சி நியாயமானதே. எனினும், டொரன்டோவில் வாழும் வாசகர் நொடியில் திறக்கும் அந்நூலை, கருவியற்ற தீவுச் சிறுமி எங்ஙனம் திறப்பாள்?

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது இக்கேள்வி வகுப்பறைக்கே வந்துவிட்டது. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறின. அக்காலத்தில் நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேயே கணினி இருந்தது. தந்தையின் ஒரே தொலைபேசி அவருடன் கடலுக்குச் சென்றால் பிள்ளையின் பாடமும் கடலுக்குச் சென்றது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரமாயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு, 110 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையுடன், 2024 மார்ச்சிலேதான் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

1945இல் இலவசக் கல்வி சட்டமானபொழுது, செல்வர் பிள்ளைக்கும் ஏழை பிள்ளைக்கும் ஒரே வகுப்பறை என்னும் கொள்கை வென்றது. கட்டணம் செலுத்தியே திறக்கக்கூடிய வகுப்பறை அக்கொள்கைக்கு முரணானது. கிராமந்தோறும் பொது நூலகத்தில் இலவச இணையமும் கணினியும் வேண்டும். அவை வரும்வரை அச்சிட்ட பாடம் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் அடைய வேண்டும். இது சலுகைக்கான விண்ணப்பமன்று. 1945இல் வழங்கப்பட்ட உரிமையின் மீதி. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றிணைந்து கேட்டாலன்றி அம்மீதி தானாக நம்மை வந்தடையாது.