மாமன் மகளும் கடவுச்சீட்டும்: மலையகத் தமிழர் திருமணங்களின் கதை

இலங்கை மலையகத் தமிழரின் திருமணங்களுக்கு 1948 வரை கடல் பெரிய தடையாக இருந்ததில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் பெண் எடுத்து இலங்கை மலைநாடான கண்டிச்சீமைக்குக் கூட்டிப் போனார்கள். தோட்டத்தில் பிறந்த பெண்ணை ஊரில் இருக்கும் அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்ததும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்ற முறை இரு கரையிலும் ஒன்றாகவே செல்லுபடியானது. பின்னால் வந்த சட்டங்கள் எதுவும் இந்த முறையைத் தடை செய்யவில்லை. ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே நிறுத்தி, நீ எந்த நாடு என்று மட்டும் கேட்டன. பல்லாயிரம் உறவுகளை முறிக்க அந்த ஒரு கேள்வியே போதுமாயிருந்தது.

குடும்பமாகப் போய்க் குடியேறும் வழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. 1820களின் பிற்பகுதியிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். காலராவும் பசியும் வழியிலேயே ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தது; அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெண்களை வைத்ததால் தோட்டத் துரைமார்களுக்கு ஒற்றை ஆளைவிடக் குடும்பம் தேவைப்பட்டது. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியும் தன் சாதி சனத்தையே திரட்டிக்கொண்டு வந்தார். மாமன் மச்சான் உறவுகள் அப்படியே லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்குள் குடியேறின.

ஒரு லயத்துக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் படுக்கையும் பிரசவமும் அதற்குள்தான். மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் புது மணமக்களுக்கென்று வேறு அறை உடனே கிடைத்துவிடாது. குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் திரை ஆக்கிக்கொள்வார்கள். கல்யாணமும் பெரும்பாலும் முற்றத்தில் பந்தல் போட்டு, தாலி கட்டி, சனத்துக்குச் சோறு போடுவதோடு முடிந்துவிடும். பதிவாளரிடம் போய்க் கையெழுத்திட வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. அந்தக் காகிதம் இல்லாமற்போனதற்குப் பின்னாளில் அவர்கள் கொடுத்த விலை அதிகம்.

குடியுரிமைக்கு முன்பே காதலர்களுக்குக் குறுக்கே நின்றது கடன். ஊரிலிருந்து அழைத்து வந்த செலவும் முன்பணமும் தொழிலாளி பேரில் ஏறிவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக வேண்டுமானால், இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். பையன் ஒரு தோட்டம், பெண் வேறு தோட்டம் என்றால் யாருடைய கடனை எந்தக் கங்காணி கட்டுவது என்று தீர்ந்த பிறகே இருவரும் ஓரிடத்தில் குடும்பம் நடத்த முடியும். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

அதற்குள் பயணம் எளிதாகியிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ரயிலோடு இணைந்த கப்பல் ஓடியது. தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, அம்மைப்பால் குத்தி, சோதித்து அனுப்பினார்கள். அந்த நாட்களில் நல்லது கெட்டதுக்கு ஊர் போய் வருவது தோட்ட வாழ்க்கையின் ஒரு பகுதி. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை போவதைத் தடை செய்தபோது அந்தப் போக்குவரத்தில் முதல் அடைப்பு விழுந்தது.

சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (குடியுரிமை) சட்டம் பதிவுக்கு ஒரு வழி விட்டது. ஆனால் மணமானவர் தம் வசிப்பை மட்டுமல்ல, மனைவி மக்களின் இடைவிடாத வசிப்பையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தாய்வீட்டுக்குப் போய் நெடுநாள் தங்கிவிட்ட மனைவி, பாட்டியிடம் வளர விட்ட பிள்ளை, பதிவு செய்யாத கல்யாணம் எல்லாம் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றுகளாயின. ஊரோடு உறவை விடாமல் காத்ததே குற்றம் போலக் கணக்கில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1.34 லட்சம்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். யாருடைய வாழ்க்கை பங்கிடப்பட்டதோ அவர்களை இரு அரசுகளும் கேட்கவில்லை. இது இரு நாடுகளும் சேர்ந்து செய்த அநியாயம்.

எந்த நாடு என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தபோது குடும்பங்கள் பிளந்தன. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் ஒரே விண்ணப்பத்தில் போனார்கள். வயது வந்த மகனும் மகளும் தனியாக எழுதிப் போட்டார்கள். அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மூத்த மகனுக்கு இலங்கைக் குடியுரிமை, மகளுக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்ற நிலை ஒரே காம்பராவுக்குள் இருந்தது. பரிசம் போட்டுவிட்டுக் காத்திருந்த பெண்ணுக்கும் பையனுக்கும் வெவ்வேறு நாடு வாய்த்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. பெற்றோர் கிளம்புமுன் மகளை அவசரமாகக் கட்டிக் கொடுத்து விட்டுப் போனதும் நடந்தது. பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கொடியது. இலங்கைக் குடியுரிமை 2003 வரை தந்தை வழியில்தான் இறங்கியது. தாய் இலங்கைக் குடிமகளாக இருந்தும் தகப்பன் நாடற்றவர் என்றால் பிள்ளையும் நாடற்றதே. மணமாகாமல் பிறந்த குழந்தைக்கு மட்டும் தாயின் குடியுரிமை கிடைத்தது. சட்டப்படி தாலி கட்டி வாழ்ந்தவர்களின் பிள்ளைக்கு அது மறுக்கப்பட்டது.

இந்தியாவுக்கான பயணம் வழக்கமாக ஒரே மாதிரி நடந்தது. சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) கைக்கு வரும் வரை காத்திருப்பு. பாத்திரம் பண்டங்களை விற்பது. தகரப் பெட்டி, படுக்கை, குடும்ப அட்டை. ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலடியில் தோட்டமே திரண்டு நிற்கும். பெட்டிக்குள் இருப்பவர்களும் மேடையில் நிற்பவர்களும் மாரடித்து அழுததால் அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பேர் வந்தது. உயிரோடு போகிறவர்களுக்காகச் சாவுப்பாட்டு பாடினார்கள். மறுபடி பார்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தாத்தா அம்மை குத்திக்கொண்டு புறப்பட்ட அதே இடத்தில் பேரன் அகதி போல வந்து இறங்கினான்.

இங்கே தமிழகத்தில் அரசு அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதிக்கொண்டது. ஊர் ‘சிலோன்காரர்’ என்றது. பல ஆண்டுகளாகத் தொடர்பு அற்றுப்போன கிராமத்தில் முறை சொல்லிப் பெண் கேட்க யாருமில்லை. தோட்டத்தில் சாதி கலந்து கட்டியவர்களுக்கு அங்கே இடமும் கிடைக்கவில்லை. தாயகம் திரும்பியோருக்கென்றே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறியவர்கள் மெல்ல மெல்லத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். மஸ்கெலியாவில் பக்கத்து லயம், பண்டாரவளையில் எதிர்த் தோட்டம் என்ற பழைய அறிமுகமே இங்கே புதிய சொந்தமாயிற்று.

1984இல் இலங்கையின் உள்நாட்டுப் போர்ச் சூழலில் கப்பல் நின்றது. அதுவரை பிறப்புப் பெருக்கத்தையும் சேர்த்து ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் வந்திருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே ஏறக்குறைய 84,000 பேர் இலங்கையிலேயே நின்றுபோனார்கள். இலங்கை 1988இலும் 2003இலும் சட்டம் இயற்றி, மீந்திருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தது. ஒரே வீட்டில் இரண்டு நாடு என்ற நிலை அங்கே அதோடு பெரும்பாலும் முடிந்தது.

தமிழகத்தில் அது முடியவில்லை. 1983க்குப் பின் படகில் அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழரும் ஆயிரக்கணக்கில் உண்டு; முகாம்களில் அவர்களின் மூன்றாம் தலைமுறை வளர்கிறது. அவர்களில் பலர் இந்தியக் குடிமக்களை மணந்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்கிறது இந்தியச் சட்டம். மலையக வழியில் வந்த முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இலங்கை 2003இல் ஒரே சட்டத்தால் செய்ததை இந்திய நாடாளுமன்றமும் செய்ய முடியும். இந்தக் குடும்பங்களுக்காகச் செய்தே தீர வேண்டும்.